தோட்டத்திலே ஒரு தரைவீடு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

வீடு கட்டப்போகிறோம் என்று யாரேனும் சொன்னால் நாம் உடனே கேட்பது, "எத்தனை அறை? மாடி உண்டா?" என்பதுதான். நகரத்து வீட்டுக்கு இக்கேள்வி பொருந்தலாம். அங்கே நிலம் போதாது; ஆகவே வீடு மேல்நோக்கி வளர்கிறது. தோட்டத்தில் வாழும் குடியானவர் வீட்டுக்கோ முதற்கேள்வி வேறு. இந்த வீட்டில் யார், எந்த வேலைக்காக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கப்போகிறார்கள்? இதற்கு விடை கண்டுவிட்டால் அறைகள் தாமாகவே தத்தம் இடத்தில் வந்து அமர்ந்துவிடும்.

மனையியல் வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு வீட்டு வரைபடம் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு அடி என்று கணக்கு வைத்து வரையவேண்டும். நான் வரைந்தது ஏட்டுப் படிப்புக்காக மட்டும் அன்று. வரும் மஞ்சளை விற்றபின் எங்கள் நாலு ஏக்கர் தோட்டத்தில் புது வீடு கட்டுவதாக இருக்கிறோம். அப்பா மாடி வீடு வேண்டும் என்கிறார். அம்மாவும் நானும் தரைவீடே போதும் என்கிறோம். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குத் திண்ணை இருந்தாச் சரி, சாமி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆகவே ஒரு தள வீடு ஏன் நல்லது, அதை எப்படி அமைப்பது, எப்படி அழகு செய்வது என்பவற்றைத் தோழியருக்கும் பெற்றோர்களுக்கும் இங்கே விளக்க விரும்புகிறேன். அப்பாவும் இம்மலரைப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

தோட்டத்துக்குள் கட்டிய வீட்டைச் சாளை என்பது ஈரோட்டுப் பக்கத்து வழக்கு. பழைய சாளைகள் பக்கவாட்டில் வளர்ந்தவை. முதலில் ஓர் ஆசாரமும் சமையற்கட்டும் இருக்கும். மகனுக்குத் திருமணமானால் ஒரு பக்கம் சாய்ப்பு இறக்குவார்கள். மாடு பெருகினால் மறுபக்கம் கட்டுத்தறி வரும். விளைச்சல் மிகுந்தால் ஓர் அறை கூடும். தேவை வந்தபோது வீடு வளர்ந்தது. வராதபோது சும்மா இருந்தது. இப்போது நடப்பதோ வேறு. எங்கள் ஊரிலிருந்து ஈரோட்டுக்குப் பேருந்தில் போகும்போது பாருங்கள், எத்தனை வீடுகளின் தலையில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன! பிள்ளை தலையெடுத்ததும் மேலே கட்டலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் அவை. பிள்ளைகள் பலர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார்கள். கம்பி மழையில் நனைந்து துருவேறுகிறது. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதை நாம் வேதியியலில் படித்திருக்கிறோம். அதனால் கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் பிளந்து, நல்ல தளத்துக்குள்ளும் ஈரம் இறங்குகிறது.

மாடியைத் தாங்கும் அடித்தளத்துக்கும் தூண்களுக்கும் இன்றே பணம் கொடுக்கவேண்டும்; மாடியின் பயன் என்று வரும் என்பது யாருக்கும் தெரியாது. படிக்கட்டுக்கும் கணக்குப் போட்டேன். தரையிலிருந்து மாடித் தரை வரை பத்தரை அடி உயரம் என்றால் 126 அங்குலம். படி ஒன்றுக்கு 6 அங்குலம் வீதம் 21 படிகள். அதற்கென்று வீட்டுக்குள்ளே ஏறக்குறைய 10 அடிக்கு 8 அடி இடத்தை விடவேண்டும். முழங்கால் மடங்காத அப்பத்தாவுக்கு அந்த 21 படிகள் ஒரு மலை. நிலம் இல்லாதவர்கள் ஏறட்டும். நாலு ஏக்கர் உள்ளவர்கள் எதற்காக ஏறவேண்டும்?

இனி, வீடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும் என்பதைக் காண்போம். இதில் வாஸ்து பார்ப்பவர்கள் உண்டு, பாராதவர்கள் உண்டு. வெயிலையும் காற்றையும் பாராமல் இருக்க யாராலும் இயலாது. எங்கள் ஊர் ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி மாதத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆனியில் சற்றே வடக்கே சாய்ந்தும் மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்தும் செல்லும். உச்சி வெயிலைக் கூரையும் இறவாணமும் தடுத்துவிடும். காலை வெயிலையும் மாலை வெயிலையுமோ எந்த இறவாணமும் தடுக்காது. அவை கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் நேராக வந்து அறைகின்றன. ஆகவே வீடு கிழக்கு மேற்காக நீண்டிருக்கவேண்டும். நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க, குட்டைச் சுவர்கள் மட்டும் வெயிலை வாங்கிக்கொள்ளும். என் வரைபடத்தில் வீடு 44 அடி நீளம், 26 அடி அகலம். வாசற்கதவு வடக்குப் பார்த்தது.

மேற்குக் கோடியில் யாரும் படுக்கும் அறையை வைக்கவில்லை. அங்கே மஞ்சள் மூட்டைகளும் மண்வெட்டி, கயிறு, உரச்சாக்கு முதலியனவும் இருக்கும் சாமான் அறை. மாலை வெயிலை மஞ்சள் மூட்டை தாங்கட்டும், மனிதர்கள் தாங்கவேண்டாம் என்பது என் எண்ணம். நல்ல விலை வரும்வரை மாதக் கணக்கில் மஞ்சளை வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு ஈரம் ஆகவே ஆகாது. அடியில் பலகை அடுக்கி, சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி மூட்டை போடவேண்டும். எலி நுழையாதபடி காற்றுப் புழைகளுக்குக் கம்பிவலை அடிக்கவேண்டும்.

காற்றின் சங்கதி இன்னும் சுவையானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற பெரிய வாசல் ஒன்று உண்டு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வாசல் வழியே வைகாசி இறுதி முதல் ஆவணி வரை மேல்காற்று வீசுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கங்களில் காற்றாலைகள் நிறைந்து நிற்பது இதனால்தான். எங்கள் பக்கமும் ஆடியில் துணி காயப்போட்டால் கவ்வி இல்லாமல் நிற்காது. ஆகவே சமையற்கட்டைக் கிழக்குக் கோடியில் வைத்தேன். புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள் திரும்பாமல் வெளியே போய்விடும். மாட்டுக் கட்டுத்தறியும் அதே கிழக்கில், வீட்டிலிருந்து 40 அடி தள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்காகத் திரும்பும்போது சாண வாடை சிறிது வரத்தான் செய்யும். ஆண்டில் இரண்டு மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது சமையற்கட்டுக்கு வருகிறேன். வரைபடத்தில் நான் அழித்து அழித்து எழுதியது இதைத்தான். நாங்கள் இப்போது குடியிருக்கும் பழைய சாளையில் சமையலறை ஓர் இருட்டு மூலை. தண்ணீர்த் தொட்டியோ வெளியே, 14 தப்படி தூரத்தில். ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து இரவு வரை அம்மா எத்தனை தடவை தொட்டிக்குப் போய் வருகிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். 31 கோடுகள் ஆயின. போக 14, வர 14. ஆக 868 தப்படிகள். ஒரு தப்படிக்கு இரண்டரை அடி வீதம் 2,170 அடி, அதாவது ஏறக்குறைய 660 மீட்டர். ஓர் ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள், 240 கிலோமீட்டர் வருகிறது! ஈரோட்டிலிருந்து புறப்பட்டால் மதுரையையும் தாண்டிவிடலாம். அதுவும் கையில் குடமோ, கழுவவேண்டிய பாத்திரமோ சுமந்துகொண்டு. இந்தக் கணக்கை இரவு சாப்பாட்டின்போது வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, நோட்டை வாங்கி இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தார்.

புது வரைபடத்தில் சமையற்கட்டு 12 அடிக்கு 10 அடி. அதன் கிழக்குச் சுவரை ஒட்டி வெளியே பாத்திரம் துலக்கும் மேடை. நடுவே ஒரு கதவு. தொட்டிக் குழாய் உள்ளேயும் வெளியேயும் வரும். இனித் தண்ணீருக்கு மூன்றே தப்படி. அடுப்பு, தண்ணீர், பாத்திர அலமாரி இம்மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருந்தால் வேலை பாதியாகும் என்று மனையியலில் படித்தோம். மேடையின் உயரம் கடையில் விற்கும் அளவாக இருக்கக்கூடாது, சமைப்பவரின் அளவாக இருக்கவேண்டும். முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு 4 அங்குலம் கீழே மேடை அமையவேண்டும். அம்மா குள்ளம். அவர்களுக்கு 2 அடி 8 அங்குலம் வருகிறது. ஆனால் அரிவாள்மணையில் காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் உட்கார்ந்து செய்யும் வேலைகள். அதற்குத் தரையில் வெளிச்சமான ஓர் இடத்தை ஒழித்துவைக்கவேண்டும். புதுப் பாணிச் சமையலறைகளில் இந்த இடத்தை அடியோடு மறந்துவிடுகிறார்கள். உட்காரத் தெரிந்தவர்கள் அவற்றை வரைவதில்லை போலும்.

மேடைக்கு மேலே சன்னல் ஒன்று. அதன் வழியே கட்டுத்தறியும் வண்டிப் பாதையும் தெரியும். யார் வருகிறார்கள், கன்று அவிழ்த்துக்கொண்டதா என்பதை அம்மா கையில் கரண்டியோடு நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம். ஊரில் இருந்தால் அண்டை வீட்டார் குரல் கேட்கும். தோட்டத்தில் பகல் முழுவதும் தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்தச் சன்னல்தான் துணை.

புகையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. விறகுப் புகை கண்ணைக் கெடுக்கும். ஆண்டுக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரலையும் கெடுக்கும். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் நாடெங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது. ஆயினும் தோட்டத்து வீடுகளில் விறகடுப்பு போய்விடவில்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்தல், விருந்தாளி வந்தால் பெரிய வட்டையில் சோறு, இவை விறகில்தான் நடக்கின்றன. தென்னை மட்டையும் கருவேலங் கட்டையும் தோட்டத்திலேயே கிடைக்கும்போது யார்தான் விடுவார்கள்? ஆகையால் விறகடுப்பு வேண்டாம் என்று சொல்வதைவிட அதற்கொரு நல்ல இடம் கொடுப்பதே மேல். துலக்கும் மேடைக்கு அடுத்தாற்போல் மூன்று பக்கமும் திறந்த ஒரு சாய்ப்பு. அதில் புகைபோக்கி வைத்த அடுப்பு. புகைபோக்கி கூரைக்கு மேல் 3 அடியாவது உயர்ந்திருக்கவேண்டும்.

சாண எரிவாயுவும் உண்டு. 'தீனபந்து' என்னும் செங்கற் கும்மட்டக் கலன் 1984இல் வந்தது. இரும்புத் தொட்டி வேண்டாம், பூமிக்குள் புதைந்திருக்கும். எங்களிடம் உள்ளவை மூன்று மாடுகள். நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் கிடைத்தால் 1 கனமீட்டர் கலன் ஒன்றை நடத்தலாம். காலைக் காப்பிக்கும் பால் காய்ச்சுவதற்கும் குறைவிராது. மிஞ்சும் சாணக் கரைசல் மஞ்சளுக்கே நல்ல உரம்.

கூரையைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த விவாதத்தை எழுதினால் மலர் முழுவதும் வேண்டும். பழைய சாளைக்கு ஓட்டுக் கூரை. சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டை, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பேசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கியது. ஓட்டு வீடு பகலில் சுடும். ஆனால் ஓடு மெல்லியதாகையால் இரவில் விரைந்து குளிர்ந்துவிடும். சூடான காற்று மேலெழுந்து ஓட்டின் இடுக்குகள் வழியே போய்விடும். கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்துவைத்து, நாம் படுக்கும் நேரம் பார்த்து அதைக் கீழே இறக்கும். சித்திரை இரவில் தளவீட்டார் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பதைக் காணலாம்.

அப்படியானால் ஓடே போடலாமே என்பீர்கள். அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. மரச் சட்டமும் ரீப்பரும் விலை ஏறிவிட்டன. ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் அரிதாகிவிட்டார்கள். எங்கள் பக்கம் மயில்கள் பெருகிவிட்டன; கூட்டமாகக் கூரையில் வந்து இறங்கினால் ஓடு நகர்ந்துவிடுகிறது. மழை பெய்யும்போதுதான் எந்த ஓடு நகர்ந்தது என்பது தெரியும். மேலும் மிளகாயும் வேர்க்கடலையும் உலர்த்த ஒரு மட்டத் தளம் இருந்தால் மாடும் கோழியும் வாய் வைக்காது.

இரண்டையும் இணைக்கும் வழி ஒன்று உண்டு. கான்கிரீட் தளத்தில் மேற்பாதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கம்பிகளுக்கு இடையிலுள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அவ்விடத்தில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து மேலே கான்கிரீட் போட்டால் சிமெண்டு மிச்சமாகும், தளத்தின் பாரம் குறையும், ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். அண்ணாந்து பார்த்தால் உட்கூரையில் சிவப்பு ஓடுகள் கட்டம் கட்டமாக அழகாகத் தெரியும். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இம்முறையைப் பெரிதும் கையாண்டார். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர் அவர். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள் அவர் அமைத்தவையே. குறைந்த செலவில் கட்டிய வீடு குறைந்த அழகுடையதாக இருக்கத் தேவையில்லை என்பதைக் கட்டியே காட்டினார்.

எலிப்பொறிக் கட்டு என்னும் சுவர் முறையையும் அவரே பரப்பினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது அது. சுவரின் கனம் அதே 9 அங்குலம்தான். செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே உள்ள வெற்றிடம் வெயிலைத் தடுக்கும். எங்கள் ஊர்க் கொத்தனாரிடம் படம் போட்டுக் காட்டியபோது, "ஏங் கண்ணு, சுவத்துக்குள்ள எலி குடியேறட்டும்ங்கிறியா?" என்று கேட்டார். விளக்கியபின், மாதிரிக்குக் கட்டுத்தறியில் ஒரு சுவர் கட்டிப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இறுதியில் நாங்கள் உடன்பட்டது இதுதான். நடுவே ஆசாரம், இரண்டு படுக்கையறைகள், சாமான் அறை, சமையற்கட்டு ஆகியவற்றுக்கு ஓடு பதித்த கான்கிரீட் தளம். வெயிலுக்கு முன் ஆண்டுதோறும் தளத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தால் வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பும். வடக்கே வீட்டின் நீளம் முழுதும் செல்லும் திண்ணைக்கும் கிழக்குச் சாய்ப்புக்கும் சீமை ஓடு. பழைய சாளையைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஓடும் பனஞ்சட்டமும் அதற்குப் போதும். தளத்துக்கு ஏறும் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, தெற்குச் சுவரை ஒட்டி. மாடிக்கென்று அடித்தளம் போடுவதா என்பதில் மட்டும் அப்பா இன்னும் பொறியாளரைக் கேட்கவேண்டும் என்கிறார்.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடித் தளம் என்பது 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 52 ஆயிரம் லிட்டர் கிடைக்கும். அதைக் கிணற்றோரம் வடிகட்டி இறக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் குழாயை மட்டும் மாட்டிவிட்டுக் குழியை மறந்தார்கள். கழிவறைத் தொட்டி கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில், பள்ளத்துப் பக்கம் இருக்கவேண்டும். குளிக்கும் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். இன்னொன்று, கிணற்று மோட்டாருக்குத் தரும் இலவச மின்சாரத்தை வீட்டு விளக்குக்கு எடுக்கக்கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கவேண்டும். ஊராட்சியில் கட்டட அனுமதியும் பெறவேண்டும்.

வீட்டுத் தரையை நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்துகிறோம். பாம்பு, மழைத்தண்ணீர் இரண்டுக்கும் இது நல்லது. ஆனால் அப்பத்தாவுக்கு மூன்று படியும் தொல்லையே. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சாய்தளம் போட்டால் ஒன்றரை அடி ஏற 18 அடி நீளம் வேண்டும். திண்ணையை ஒட்டியே அதைக் கிடத்திவிட்டேன். நெல் மூட்டை, மஞ்சள் மூட்டை ஏற்றிய கைவண்டியும் அதில் ஏறும். ஒருவருக்காகச் செய்தது எல்லாருக்கும் உதவுகிறது.

இனி அழகு செய்தலைப் பார்ப்போம். நெடுஞ்சாலை ஓரங்களில் இப்போது 'பண்ணை வீடு' என்று பெயர்ப்பலகை வைத்த வீடுகள் பெருகியுள்ளன. வாயிலில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சாத்தி வார்னிஷ் அடித்திருப்பார்கள். மாடு கிடையாது. சுவரில் ஏர் தொங்கும். கொழு மழுங்கவே இல்லை. விருந்தினர் தங்குவதற்கான வீடுகள் அவை, குறை சொல்லவில்லை. ஆனால் குடியானவர் வீடு அவற்றைப் பார்த்து அலங்காரம் கற்கவேண்டியதில்லை. நம் வீட்டில் வேலை செய்யும் பொருள்களே அழகானவை. அவற்றுக்கு உரிய இடம் கொடுத்தாலே போதும். அடுத்த ஆண்டு விதைக்காக உறியில் கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளக் கதிர்கள், சாம்பல் தடவிய சுரைக்குடுக்கை விதைகள், புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தவலை ஆகியவற்றைவிடச் சிறந்த சுவர்ப்படம் எது? ஆசாரத்தின் ஒரு சுவர் முழுதும் திறந்த பலகைகள் அமைத்து இவற்றை வரிசையாக வைக்கலாம். தூசி தட்டும் வேலையும் எளிது.

தரைக்குச் சிவப்புக் காவித் தரை வேண்டும் என்பது என் விருப்பம். சிமெண்டுடன் சிவப்பு ஆக்சைடு கலந்து, ஈரம் காயுமுன் கைக்கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சில நாட்கள் தண்ணீர் கட்டிவைத்து, பிறகு தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் வருடம் ஆக ஆகப் பளபளக்கும். பளிங்கு ஓடு வழுக்கும். ஈரக்காலோடு வயலிலிருந்து வருபவருக்கு ஆபத்து. காவித் தரையிலும் மிகையாக மெருகேற்றினால் வழுக்கும் என்பதால், குளியலறைக்கும் துலக்கும் மேடைக்கும் சொரசொரப்பான கல்லே நல்லது. ஆசாரத்தின் நடுவில் மட்டும் ஒரு பாய் விரித்தாற்போல ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம் என்று அம்மா ஆசைப்படுகிறார்கள. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே செய்யும் பூக்கல் அது. வீடு முழுதும் பதித்தால் மஞ்சள் பணம் அதிலேயே போய்விடும். 8 அடிக்கு 6 அடி போதும்.

சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை. திண்ணைத் தூணுக்கும் சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கும் செம்மண் நிறம். சேற்றுக் கறை தெரியாது. ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு வண்ணம் அடிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஊதாச் சுவரும் கிளிப்பச்சைச் சுவரும் சந்திக்கும் மூலையைப் பார்த்தாலே எனக்குத் தலை வலிக்கும். வண்ணம் வேண்டுமானால் துணியில் வரட்டும். எங்கள் மாவட்டத்திலேயே பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் தறியில் நெய்யப்படுகின்றன. சிவப்பும் நீலமும் பச்சையும் கோடு கோடாக ஓடும் பவானி ஜமக்காளத்தை வெள்ளைச் சுவர் உள்ள அறையில் விரித்தால், அறையே விழாக்கோலம் பூண்டுவிடும். விருந்தினர் வந்தால் உட்காரவும் ஆகும், சுருட்டி மூலையில் நிறுத்தவும் ஆகும். சன்னலுக்குச் சென்னிமலைத் துணியை வெட்டித் தைக்க எனக்கே தெரியும்.

சுவர் கட்டும்போதே மாடங்கள் விட்டுவிடவேண்டும். செபப் படங்களுக்கும் மெழுகுவத்திக்கும் ஆசாரத்தில் ஒன்று. கண்ணாடிக்கும் சீப்புக்கும் ஒன்று. பின்னர் சுவரை உடைத்து அலமாரி வைப்பதைவிட இது மலிவு. படுக்கையறையின் வடக்குச் சன்னலோரம் நான்கடி நீளத்தில் ஒரு சிமெண்டுப் பலகை வரைந்திருக்கிறேன்; இடப்பக்கம் வெளிச்சம் வரும்படி. வரைபடத்தைப் பார்த்த தம்பி, "இது என்னக்கா, கடை வெக்கப்போறயா?" என்றான். அது படிக்கும் மேசை. இந்த ஆண்டு முழுதும் நான் மஞ்சள் மூட்டையின்மேல் புத்தகத்தை வைத்துத்தான் படித்தேன்.

திண்ணையைத்தான் எல்லாரும் கடைசியில் நினைக்கிறார்கள். வடக்குத் திண்ணையில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படாது. அப்பத்தா உட்காரவும், வேலையாட்கள் கூலி வாங்கும்போது அமரவும், மத்தியானம் யாரேனும் தலை சாய்க்கவும் அதுதான் இடம். உயரம் ஒன்றரை அடிக்கு மேல் போகக்கூடாது. கால் தரையில் படவேண்டும். வரைபடத்தை அப்பத்தாவிடம் விரித்துக் காட்டினேன். கட்டங்கள் அவருக்குப் புரியவில்லை. ஆகவே வாசலில் குச்சியால் அதே அளவில் கோடு கீறிக் காட்டினேன். அப்பத்தா கோட்டுக்குள் மெல்ல நடந்து பார்த்தார். "கட்டல எங்க போடறது?" என்றார். காட்டினேன். "தலமாட்டுல சன்னல் வரும், பனி அடிக்குமே கண்ணு" என்றார். சன்னலை மூன்றடி நகர்த்திவிட்டேன். தோழியரே, நீங்களும் வரைபடத்தைத் தாளோடு விட்டுவிடாதீர்கள். தரையில் கீறி வீட்டாரை அதற்குள் நடக்கச் சொல்லுங்கள்.

மரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்னையைக் கூரையருகே வைக்கக்கூடாது. மட்டையும் காயும் ஓட்டில் விழும். முருங்கை கொல்லைப்புறம் இருக்கட்டும். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் துலக்கும் மேடையிலிருந்து ஓடும் தண்ணீரே போதும். மேற்குச் சுவருக்கு நிழல் தர 20 அடி தள்ளி இரண்டு வேம்பு வேண்டும். வீடு ஆறு மாதத்தில் எழுந்துவிடும், மரம் எழாது. ஆதலால் போன ஐப்பசி மழையிலேயே கன்றுகளை நட்டுவிட்டோம். இப்போது என் இடுப்பளவு வந்திருக்கின்றன. ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் கட்டியிருக்கிறோம்.